ஆய்வு முடிவு கையில் இருக்கிறது, எப்போது வெளியே சொல்வது?

முனைவர் பட்ட ஆய்வில் நல்ல முடிவு வந்திருக்கிறது, வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் கட்டுரை வெளிவந்துவிட வேண்டும் என்று தவிக்கிறீர்கள். நியாயமான தவிப்புதான். ஆனால் சமூக வலைதளத்தில் போடும் முன் நெறியாளரிடமும் கட்டுரையில் பெயர் வரும் மற்றவர்களிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை (பேடன்ட்) பெற வாய்ப்பிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஐரோப்பாவில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே மாநாட்டில் போஸ்டர் வைத்துவிட்டால்கூடப் புதுமை போய்விட்டதாகத்தான் கணக்கு. அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு.

அப்புறம், எவ்வளவு சொல்வது? நன்றாக ஆய்வு செய்பவர்களும் சறுக்குவது இங்கேதான். 1989 மார்ச்சில் யூட்டா பல்கலைக்கழகத்தில் பான்ஸ், ஃபிளைஷ்மன் இருவரும் அறை வெப்பநிலையிலேயே அணுக்கரு இணைவு நடந்ததாக, கட்டுரை அச்சாகும் முன்பே பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார்கள். மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது நம்பும்படியாக எதுவும் கிடைக்கவில்லை. இன்றும் அவர்கள் பெயரோடு அந்த அறிவிப்புதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2011இல் ஓபரா என்ற இயற்பியல் ஆய்வுக் குழுவின் அளவீட்டில் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியை விடச் சுமார் 60 நானோ விநாடி முந்தி வந்தன. எங்கே பிழை என்று நீங்களும் பாருங்கள் என்று அவர்கள் மற்ற ஆய்வாளர்களைக் கேட்டார்கள். கடைசியில் சரியாகப் பொருந்தாத ஓர் ஒளியிழைக் கேபிளை அவர்களே கண்டுபிடித்தார்கள். குழுவுக்குள் பூசல் வந்து செய்தித் தொடர்பாளர் பதவி விலகியதும் உண்மை. ஆனாலும் சந்தேகத்தை மறைக்காமல் சேர்த்தே சொன்ன அந்த வழியைத்தான் நான் உங்களுக்குச் சொல்வேன்.

பல்கலைக்கழகத்தின் செய்திக்குறிப்பு சரிபார்க்க வந்தால் முதலில் தலைப்பைப் பாருங்கள். எலிகளிடம் செய்த சோதனை என்றால் ‘எலிகளில்’ என்ற சொல் தலைப்பிலேயே இருக்க வேண்டும். எட்டாவது வரியில் வந்தால் போதாது. பலர் தலைப்போடு நின்றுவிடுவார்கள். சிகிச்சைக்காகக் காத்திருக்கும் குடும்பங்களும் அவர்களில் இருக்கும். திருத்தச் சொல்லக் கூச்சப்படாதீர்கள், அது உங்கள் உரிமை.

பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்கள் பக்கமே போக வேண்டாம். சந்தேகமாக இருந்தால் அதன் ஆசிரியர் குழுவில் பெயர் உள்ள ஒருவருக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்களும் உண்டு.

மூலத் தரவையும் நிரலையும் ஜெனோடோ போன்ற இணையக் களஞ்சியத்தில் சேர்த்துவையுங்கள். மனிதர்களைப் பற்றிய தரவு என்றால், பகிர்வதற்கு அவர்கள் தந்த ஒப்புதலும் அடையாள நீக்கமும் முதலில் முடிந்திருக்க வேண்டும். வேலைக்கான நேர்காணலில் ஒருவர் உங்கள் வரைபடத்தைக் காட்டி, இந்தப் புள்ளியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் அப்போது தடுமாற மாட்டீர்கள்.

சரி, கட்டுரை வெளிவரத் தாமதமானால்? நீங்கள் அனுப்பும் இதழ் அனுமதித்தால் ஆர்க்சைவ் போன்ற தளத்தில் முன்பதிப்பாக, அதாவது இதழில் வரும் முன்பே எல்லோரும் படிக்கும்படி, போடுங்கள். இயற்பியலில் 1991 முதல் இருக்கும் வழக்கம் இது. விண்ணப்பத்தில் ‘மதிப்பாய்வில் உள்ளது’ என்று எழுதி அந்த இணைப்பையும் கொடுங்கள்; தேர்வுக் குழு திறந்து படிக்க அது போதும்.