காது மடலின் நிறம்

வணக்கம் ஐயா,

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடும் குடும்பம் எங்களுடையது. மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். "வெயிலில் நின்றால் பிள்ளை கருப்பாகப் பிறக்கும்" என்று அம்மா அவளைத் தோட்டத்துக்கே விடுவதில்லை. குங்குமப்பூவும் வாங்கி வைத்திருக்கிறார். தலைமுறை தலைமுறையாக வெயிலில் உழைத்துத்தான் நாங்கள் கருத்தோமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வெயில் பட்டுக் கருப்பது அவரவர் தோலோடு சரி, பிள்ளைக்கு இறங்காது. குங்குமப்பூவுக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் காசுக்கு முட்டையும் கீரையும் வாங்குங்கள். உச்சி வெயிலில் உங்கள் மனைவி வேலை செய்யாமல் இருப்பது நல்லதுதான், ஆனால் அது உடம்பு சூடேறாமல் இருக்க.

உங்கள் கடைசிக் கேள்விதான் மனதில் தங்கிவிட்டது. சிம்பன்சியின் ரோமத்தை விலக்கிப் பார்த்தால் உள்ளே வெளுத்த தோல்தான் இருக்கும். நம் முன்னோருக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் ரோமம் குறைந்து, வியர்வையால் உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளத் தொடங்கியபோது தோலுக்கு மறைப்பு இல்லாமல் போனது. அப்போதுதான் தோலுக்குக் கருமை தரும் மெலனின் என்ற நிறமி கூடியது. தோல் செல்லுக்குள் உட்கருவின் மேல் அது குடை பிடித்ததுபோல் கவிந்து நிற்கும்.

குடை எதற்கு? தோல் புற்றுநோயைத் தடுக்க என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் அந்த நோய் பெரும்பாலும் பிள்ளை பெற்று முடித்த வயதில் வருவது. அதனால் அடுத்த தலைமுறையின் நிறத்தை அது பெரிதாக மாற்றியிருக்காது. நீனா ஜப்லான்ஸ்கி, ஜார்ஜ் சாப்ளின் என்ற ஆய்வாளர்கள் 2000இல் வேறொரு காரணத்தை முன்வைத்தார்கள். புற ஊதாக் கதிர் ரத்தத்தில் உள்ள ஃபோலேட் என்னும் சத்தைச் சிதைக்கும். கருவின் மூளையும் தண்டுவடமும் சரியாக உருவாக அந்தச் சத்து வேண்டும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் ஃபோலிக் அமில மாத்திரை கொடுப்பதும் இதற்காகத்தான். வெயில் குறைந்த வடக்கே போனவர்களுக்கு, வெயில் பட்டுத் தோலில் உருவாகும் வைட்டமின் டி போதாமல், தலைமுறைகள் போகப்போகத் தோல் வெளுத்தது. நம் தர்மபுரி 12 பாகை அட்சரேகையில் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது.

வயிற்றுப் பிள்ளையைக் காக்க வந்த நிறம் இது. அதையே பிள்ளைக்கு வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறோம். எனக்கு இது தாங்கவில்லை.

பிள்ளை பிறந்ததும் யாராவது காது மடலைத் திருப்பிப் பார்ப்பார்கள். என் மகளுக்கும் பார்த்தார்கள். "அப்பன் நிறம்தான்" என்று ஓர் அத்தை முகம் சுருங்கினார். அன்று நான் பேசாமல் நின்றுவிட்டேன். நீங்கள் அப்படி நிற்காதீர்கள். அம்மாவிடம் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள்.