புத்தகம் போட ஆசைப்படும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

மதிப்புக்குரிய அம்மா,

சென்ற வாரம் திருகோணமலை உவர்மலையிலிருந்து மகளையும் அழைத்து வந்து, "எழுத்தாளராகத்தான் வருவேன் என்கிறாள், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்று நீங்கள் கேட்டபோது நான் முழுமையாகப் பதில் கூறவில்லை. மூன்று சஞ்சிகைகளுக்குக் கதை அனுப்பி, ஒன்றிலிருந்தும் மறுமொழி வராமல் சோர்ந்திருக்கும் பிள்ளையின் முன்னிலையில் அவளுடைய எதிர்காலத்தைப் பேரம் பேச விரும்பாததே காரணம்.

உங்கள் அச்சம் நியாயமானது. இலங்கையில் தமிழில் கதை எழுதி, அந்த வருமானத்தில் மட்டும் குடும்பம் நடத்துபவர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. இங்கே ஒரு சிறுகதைத் தொகுதி பெரும்பாலும் 300 அல்லது 500 பிரதிகளே அச்சாகிறது. அச்சுச் செலவை எழுதியவரே ஏற்கிறார். வெளியீட்டு விழாவில் முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் பெறுபவர்கள் உறையில் வைத்துத் தரும் பணத்தால்தான் அந்தச் செலவில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. ஆனால் இதைக் காட்டிப் பிள்ளையின் பேனாவைப் பறிக்க வேண்டியதில்லை. சம்பளத்துக்கு ஒரு தொழிலையும் அதனோடு எழுத்தையும் வைத்துக்கொள்ள அவளைப் பழக்கினால் போதும். இது நம் ஊருக்குப் புதிதும் அன்று. தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையைச் சேர்ந்தவர். சென்னையில் நூலகராகப் பணிபுரிந்தவர். 1966இல் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, யாழ்ப்பாணத்தில் சலூன் தொழிலாளியாக இருந்துகொண்டே எழுதியவர்.

உயர்தரத்தில் கலைப்பிரிவில் பயிலும் மகள் தமிழோடு சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் ஊன்றிக் கற்கட்டும். மும்மொழியும் கையாளத் தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பு, செய்தித்துறை, ஆசிரியப்பணி ஆகியவற்றின் கதவு திறந்திருக்கும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியிலேயே இருப்பதால், மொழிகள், தொடர்பாடல் சார்ந்த பட்டப்படிப்பை வீட்டிலிருந்தே தொடரவும் வாய்ப்புண்டு. அதற்கு வேண்டிய இசட் புள்ளியை, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கிலெடுக்கப்படும் உயர்தரப் பரீட்சைப் புள்ளியை, பெறுவதே இந்த ஆண்டு அவளுடைய முதல் வேலை.

இனி அந்தச் சஞ்சிகைகளின் மௌனத்தைப் பற்றி. நமது சிற்றிதழ் ஆசிரியர்களிற் பலர் பகலில் வேறு உத்தியோகம் பார்த்து, இரவில் கைப்பணத்தைப் போட்டு இதழ் நடத்துபவர்கள் என்பதால், பதில் எழுதாமைக்குக் கதை பிடிக்காததுதான் காரணம் என்று கொள்ள முடியாது. எந்தக் கதை, எங்கே, எந்தத் திகதியில் அனுப்பப்பட்டது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைத்து, மூன்று மாதம் பொறுத்து, அதன்பின் வேறு இதழுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிரதேச செயலகம் நடத்தும் இலக்கியப் போட்டிகளையும் அவள் தவறவிடக்கூடாது.

அவள் என்னிடம் தந்துவிட்டுப்போன கதையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் இரண்டு பக்கங்களும் வெறும் அலங்காரம். நிலவும் தென்றலும் தாராளமாக வருகின்றன. மூன்றாம் பக்கத்தில், திருக்கடலூர்க் கரையில் வள்ளம் வரும்வரை காத்திருக்கும் பெண்கள் பழைய கடனைச் சொல்லிச் சண்டையிடும் இடத்தில், நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பேச்சைக் காதால் கேட்காதவர் எழுத முடியாது. உங்கள் மகளிடம் எனக்கு இருக்கும் நம்பிக்கை அந்த ஒரு பக்கத்திலிருந்தே வந்தது.

பணம் கட்டினால் உடனே புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று யாராவது அழைத்தால் அவசரப்பட வேண்டாம். நூலுக்குரிய சர்வதேச தராதர நூல் எண்ணை (ISBN) கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் நாமே விண்ணப்பித்துப் பெறலாம். அதற்கு இடைத்தரகர் தேவையில்லை.

பரீட்சை முடிந்த மறுவாரம், மூன்றாம் பக்கத்திலிருந்து கதையைத் தொடங்கித் திருத்தி எழுதிக்கொண்டு அவளை வரச் சொல்லுங்கள். 12 கதைகளாவது இதழ்களில் வெளிவந்த பின்னர் தொகுதியைப் பற்றிப் பேசுவோம். அப்போது வெளியீட்டு விழா மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன், இரண்டு மூன்று அச்சகங்களில் விலை கேட்க நீங்களும் அவளோடு போக வேண்டும்.