ஒரே காம்பராவில் இரண்டு பிள்ளைகளின் கொப்பிகள்

கேள்வி: என் மகள் தரம் 5இலும் மகன் தரம் 2இலும் படிக்கின்றனர். எங்கள் லயன் வீட்டில் அவர்களுக்கெனத் தனி மேசை இல்லை. நான் கொழுந்து நிறுத்துவிட்டு மாலையில் வீடு வரும்போது கொப்பிகள் கலந்து கிடக்கின்றன, பயிற்சித்தாள்கள் தொலைகின்றன, மழைக்காலத்தில் பூஞ்சணமும் பிடிக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: அன்புச் சகோதரிக்கு, மேசை இல்லாதது பெரிய குறையன்று. கடையில் கெட்டியான அட்டைப்பெட்டிகள் இரண்டு கேட்டு வாங்கி, பிள்ளைக்கு ஒன்றாக ஒதுக்குங்கள். கொப்பிகளை அடுக்காமல் நிறுத்தி வைத்து, பாடத்துக்கொரு நிறத்தாளை முதுகில் ஒட்டினால், எழுத்துக் கூட்டி வாசிக்கும் இளையவனும் நிறத்தைக் கொண்டே தன் கொப்பியை எடுப்பான். பெட்டி அவன் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும். எல்லாவற்றையும் அம்மாவே எடுத்துத் தரவேண்டும் என்றிருந்தால், நீங்கள் மலையில் நிற்கும் நேரமெல்லாம் ஒழுங்கு குலையும்.

ஈரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் பகுதியில் மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஓயாது. வெளிச்சுவர் ஈரத்தை உறிஞ்சி உள்ளே கடத்தும். ஆகவே பெட்டிகளை நிலத்தில் வைக்காமல், பலகையொன்றின் மேல், உட்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். சூடு இருக்கிறதென்று அடுப்பங்கரையில் வைப்போர் உண்டு. விறகுப் புகை தாளைப் பழுப்பாக்கிவிடும் என்பதால் அதை நான் ஏற்பதில்லை. நனைந்த புத்தகப்பையை அப்படியே மூடி வைப்பதால்தான் பூஞ்சணம் விரைவாகப் பிடிக்கிறது. வந்தவுடன் அனைத்தையும் வெளியே எடுத்து, நனைந்த பக்கங்களுக்கிடையே பழைய செய்தித்தாளைச் செருகி, இஸ்தோப்பில் காற்றாட உலர்த்திய பின்னரே பெட்டியில் சேருங்கள். பூஞ்சணம் பிடித்துவிட்டாலும் ஈரத்தோடு துடைக்காதீர்கள், அது தாளில் அப்பிக்கொள்ளும். நன்கு உலரவிட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் தட்டுங்கள். 1980 முதல் அரசு இலவசமாகத் தரும் பாடநூல்களுக்குப் பழைய கலண்டர் தாளில் உறை போடலாம். அதன் வழவழப்பு தூறலைச் சற்றுத் தாங்கும்.

பயிற்சித்தாள் வந்த அன்றே மூலையில் திகதியும் பாடமும் எழுதி, பைலில் கோத்துவிடுங்கள். மகள் புலமைப்பரிசில் பரீட்சைக்காகச் செய்து பார்த்த வினாத்தாள்களை அடுப்பெரிக்கப் பயன்படுத்த வேண்டாம். பிழைத்த வினாக்களின் இலக்கங்களை வட்டமிட்டு வைத்து, சில வாரங்களுக்குப் பின் அவற்றை மட்டும் மீண்டும் செய்யச் சொல்லுங்கள். புதிது புதிதாக வினாத்தாள் வாங்குவதைவிட அது பயன் தரும், செலவும் இல்லை.

இரவு உறங்குமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, மறுநாள் நேரசூசியைப் பார்த்துப் பையை அடுக்குவது பிள்ளைகளின் வேலை. அருகில் அமர்ந்து அன்றைய கொப்பியைப் புரட்டிப் பார்ப்பது உங்கள் வேலை. மூத்தவள் என்பதற்காகத் தம்பியின் பெட்டியையும் அவள் தலையில் சுமத்திவிடாதீர்கள். இரண்டாம் தரப் பிள்ளையால் தன் பையைத் தானே அடுக்க முடியும். முதல் இரண்டு வாரங்களுக்கு நீங்கள் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தால் போதும்.