ஒலிபெருக்கியில் கேட்ட பாஸ்கா

கேள்வி: ஏற்காட்டில் கோயிலுக்குக் கீழ்த் தெருவில் இருக்கிறேன். வயது 47. எங்கள் அன்பியத்தில் (பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழு) தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதைப் பாட்டை எடுத்துக் கொடுப்பது 20 வருடமாக நான்தான். இந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறுகிறது. வீட்டுக்காரருக்குச் சேலத்தில் வேலை, வாரம் ஒருமுறை வருவார். மகன் வெளியூரில் படிக்கிறான். திருநீற்றுப் புதனன்று சாம்பல் பூசிக்கொண்டதோடு சரி. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமைகூடப் போக முடியவில்லை. குருத்தோலை வாங்கவில்லை. பெரிய வியாழன், பெரிய வெள்ளி எதுவும் இல்லை. ஒருசந்தி நோன்பு இருக்கவில்லை, பாவசங்கீர்த்தனமும் செய்யவில்லை. ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் 'உன்னதங்களிலே' பாடி மணி அடித்தபோது அம்மாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒலிபெருக்கியில் கேட்டது. சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மறுநாள் கேக் கொடுக்க வந்த எங்கள் அன்பியத்து அக்கா, "உனக்கு இந்த வருஷம் தவக்காலமே இல்லாமப் போச்சே" என்றார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. இது பாவமா? இன்னொன்று: அம்மா இப்போது இடது கையால் சிலுவை போடுகிறார். அது தப்பா?
- பெயர் வேண்டாம், ஏற்காடு.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பே இல்லை. வலது கை எழும்பாதவர் வேறு எந்தக் கையால் போடுவார்? நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பீச்சாங்கையால் போட்டால் பாட்டி புறங்கையில் ஒன்று வைப்பார். அது பழக்கத்துக்காக வைத்த அடி, அவ்வளவுதான்.

அடுத்தது, பாவமா என்ற கேள்வி. இதற்கும் இல்லை என்பதுதான் பதில். திருச்சபை கட்டாயமாகச் சொல்லும் ஒருசந்தி வருடத்தில் இரண்டே நாள்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. அதுவும் 18 முடிந்தவர்களுக்கு, 59 முடியாதவர்களுக்கு. உடம்பு இடம் கொடுக்காதவர்களுக்கு அதிலும் விலக்கு உண்டு. இரவெல்லாம் கண்விழித்து, படுத்திருப்பவரைத் தனியாளாகத் தூக்கிப் புரட்டுகிற நீங்கள் காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டதற்காக யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். சிலுவைப் பாதை அருமையான பக்தி முயற்சி, ஆனால் கடமை இல்லை. பெரிய வியாழன், பெரிய வெள்ளியும் கட்டாயம் கோயிலுக்குப் போக வேண்டிய கடன் திருநாள்கள் அல்ல. ஞாயிறு திருப்பலி கடமைதான். ஆனால் நோய், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது போன்ற தக்க காரணம் இருந்தால் அந்தக் கடமையிலிருந்து விலக்கு என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2181-ஆம் எண்ணில், எழுதியே வைத்திருக்கிறது. படுத்த படுக்கையாய் இருக்கும் தாயை விட்டு வர முடியாததும் அந்தக் கணக்கில்தான் வரும்.

(சாப்பாட்டை வைத்தே தவக்காலத்தை அளப்பது நம் ஊரில் பழைய வழக்கம். தத்துவ போதகர் என்று நாம் அழைக்கிற இத்தாலியக் குரு ராபர்ட் தெ நொபிலி 1623-இல் சேலம் பக்கம் வந்தபோது, ஒருவேளைச் சோறும் காய்கறியும்தான் அவர் சாப்பாடு. புலால் தொடமாட்டார். அது தவக்காலத்துக்கு மட்டும் என்று அவர் வைத்துக்கொண்டதில்லை, வருடம் முழுக்க அப்படித்தான். இன்றைக்குச் சில வீடுகளில், வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், அதாவது இறைச்சி இல்லாத சாப்பாடு, என்று சொல்லிவிட்டு மேட்டூர் டேம் மீன் ஒரு தட்டு நிறைய வறுத்து வைக்கிறார்கள். சட்டப்படி அதில் குற்றம் இல்லை. நானும் சாப்பிட்டிருக்கிறேன்.)

பாவம் இல்லை என்று ஆகிவிட்டது. இனி நிம்மதியாகத் தூங்குவீர்களா? மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் உங்கள் தூக்கம் போனது பாவ பயத்தால் அல்ல.

"அம்மாவைப் பார்த்துக்கிறதுதான் உனக்குத் தவக்காலம், அதுதான் உன் சிலுவை" என்று இதற்குள் நாலு பேராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. உங்கள் அம்மா சிலுவை அல்ல, அம்மா. நோய் வேண்டுமானால் சிலுவையாக இருக்கட்டும், அதையும் முதலில் சுமக்கிறவர் அவர்தான். அது போக, அந்த ஆறுதலில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. சொன்னவர் உங்கள் கஷ்டத்துக்கு ஒரு புனிதப் பெயர் வைத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விடலாம். மறுநாள் வந்து அரை மணி நேரம் அம்மா பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை.

நீங்கள் இழந்தது வேறு. நீங்கள் பாட்டை எடுத்துக் கொடுத்து, பின்னால் முப்பது பேர் வாங்கிப் பாடி, பனியில் தொண்டை கட்டி, ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நடக்கும்போது முன்னால் போகிறவரின் செருப்புச் சத்தம் கேட்கிற அந்தக் கூட்டத்தை இழந்தீர்கள். ஆறு வெள்ளிக்கிழமையும் அந்தப் பாட்டை வேறு யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதையும் ஒலிபெருக்கியில் கேட்டிருப்பீர்கள், இல்லையா? கடிதத்தில் அதைப் பற்றி எழுதவில்லை. எரிச்சலில் பாதி அங்கிருந்துதான் வந்தது என்று நான் ஊகித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாஸ்கா இரவு மணியைப் பற்றியும் ஒன்று கேட்கிறேன். பெரிய வியாழன் 'உன்னதங்களிலே' பாடும்போது அடிக்கிற மணி, அதன் பிறகு சனிக்கிழமை இரவு வரை அடிப்பதில்லை. மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். கோயிலுக்குள் நிற்கிற எங்களுக்கு அந்த இரண்டு நாளும் வழிபாடு, ஆராதனை, கஞ்சி, கூட்டம் என்று ஓடிவிடும். மணி நின்றுபோனதையே பல பேர் கவனிப்பதில்லை. மணிச் சத்தம் கேட்கிற தூரத்தில், வீட்டுக்குள்ளேயே இருந்தவர் நீங்கள். விடிகாலை மணி இல்லை, மதிய மணி இல்லை, அந்தி மணி இல்லை. அந்த இரண்டு நாள் மௌனத்தை எங்கள் எல்லாரையும்விட நீங்கள் நன்றாகக் கேட்டிருப்பீர்கள். அப்புறம் மணி அடித்தபோது கையில் ஈரத் துணி. சந்தோஷம் வரவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். மாற்கு நற்செய்தியில் விடியற்காலையில் கல்லறைக்குப் போன பெண்களுக்கும் சந்தோஷம் வரவில்லை. நடுங்கிப்போய் ஓடினார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்று இருக்கிறது. முதல் ஈஸ்டரே அப்படித்தான் விடிந்தது.

இனி அந்த அக்கா. அவரைத் திட்டி நான் நாலு வரி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எழுத முடியாது, ஏனென்றால் நானே அந்த அக்காவாக இருந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் சேலத்தில் எங்கள் அன்பியத்தில் ஒரு பெண், மாமனாருக்கு உடம்பு முடியாமல் தவக்காலம் முழுக்க வரவில்லை. குருத்து ஞாயிறன்று மார்க்கெட்டில் பார்த்தபோது, "ஒரு நாள்கூடவா வர முடியல?" என்று கேட்டுவிட்டேன். உன்னைக் காணோமே, தேடினோமே என்று சொல்ல வந்த வாய்தான் அது. வந்து விழுந்த வார்த்தை வேறு. அவர் கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆமாங்க்கா" என்றார். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் அன்பியத்துக்கு வரவே இல்லை. உங்கள் அக்காவும் கையில் கேக்கோடு வந்தார் என்பதை மறந்துவிடாதீர்கள். உங்களைத் தேடாத யாரும் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்து நான் சொல்லப் போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். இத்தனை வாரத்தில் யாரிடமாவது, "ஒரு மணி நேரம் அம்மாவோடு இருக்கிறீர்களா, நான் பூசைக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துப் பார்த்தேன். கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. அவர்களாக வரவில்லை என்ற மனக்குறைதான் இருக்கிறது.

20 வருடம் சிலுவைப் பாதை நடத்தியவருக்கு ஐந்தாம் நிலை மனப்பாடமாக இருக்கும். சீரேன் ஊர்ச் சீமோன் தானாக முன்வந்து தோள் கொடுத்ததாக நாம் பாடிப் பாடிப் பழக்கிவிட்டோம். நற்செய்தியில் அப்படி இல்லை. அவர் பாட்டுக்கு நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தார், வழியில் பிடித்துக் கட்டாயப்படுத்திச் சுமக்க வைத்தார்கள். ஆனாலும் மாற்கு, அவர் அலெக்சாந்தர், ரூபு என்பவர்களின் தகப்பனார் என்று பிள்ளைகள் பெயரைக்கூடச் சொல்கிறார். அன்றைக்கு அதைப் படித்தவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கும் போல. வழியில் பிடிபட்ட ஆளின் குடும்பம் எங்கேயோ கிறிஸ்தவர் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. நீங்களும் ஒரு ஆளைப் பிடியுங்கள். என்னைக் கேட்டால் அந்த அக்காவையே பிடிக்கச் சொல்வேன். "அக்கா, தவக்காலம்தான் போச்சு, வர்ற ஞாயிறு ஏழரைக்கு வந்து ஒன்றரை மணி நேரம் அம்மாகிட்ட உட்காருங்க" என்று நேரத்தோடு சொல்லுங்கள். "முடிஞ்சா வாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்படிச் சொன்னால் யாருக்கும் முடியாது. தண்ணீர் எங்கே, துண்டு எங்கே, எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும் என்று காட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கிளம்புங்கள். இரண்டாவது ஞாயிறுக்கு வேறு ஒருவர். அன்பியத்தில் ஆறு பேர் ஒத்துக்கொண்டால் ஆளுக்கு ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறைதான் வரும்.

நாள் தாண்டிவிட்டதே என்று நினைக்க வேண்டாம். தவக்காலம் 40 நாள், பாஸ்கா காலம் பெந்தகோஸ்து வரை 50 நாள். கேக் தீர்ந்ததும் ஈஸ்டர் முடிந்ததாக நினைத்துக்கொண்டு, பெரிய காலத்தை விட்டுவிட்டுச் சின்னதைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். உங்கள் மலையில் பூ மழை விழுந்து ஒன்பது பத்து நாளில்தான் காபி பூக்கும். மழை தள்ளிப் போனால் மொட்டு செடியிலேயே கிடக்கும், அதற்காக யாரும் செடியை வெட்டிப்போடுவதில்லை. பாவசங்கீர்த்தனத்தை இந்த 50 நாளில் செய்யலாம். வருடத்துக்கு ஒருமுறையாவது நற்கருணை வாங்க வேண்டும் என்ற கடமைக்கும் இந்தக் காலத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை இரவைத் தவறவிட்டதற்காகவும் மனம் உடைய வேண்டாம். 1951 வரைக்கும் அந்தத் திருவிழிப்பையே சனிக்கிழமை காலையில் முடித்துவிடுவார்கள். போப் பன்னிரண்டாம் பத்திநாதர்தான் (பயஸ்) அதை மறுபடி இரவுக்கு மாற்றினார். உங்கள் அம்மாவின் அம்மா வெயிலில் வியர்த்துக்கொண்டே பாஸ்கா மெழுகுதிரியைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

பங்குத்தந்தையிடம் போய், இல்லை போனிலாவது, இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, உங்கள் இரண்டு பேருக்கும் வீட்டில் நற்கருணை. இரண்டு, அம்மாவுக்கு நோயில்பூசுதல். அது சாகப் போகிறவர்களுக்கு மட்டும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அப்படி இல்லை. அதற்குப் பூசுகிற எண்ணெய் புனித வாரத்துக் கிறிஸ்மா திருப்பலியில் ஆயர் மந்திரித்தது. சேலம் நான்கு ரோடு குழந்தை இயேசு பேராலயத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி உங்கள் ஊருக்கு வந்திருக்கும். பெரிய வாரத்தில் நீங்கள்தான் கோயிலுக்குப் போக முடியவில்லை, அந்த வாரத்து எண்ணெய் உங்கள் வீட்டுக்கு வர முடியும்.

இன்னும் ஒன்று பாக்கி. கடிதம் முழுக்க உங்கள் தவக்காலம், உங்கள் ஈஸ்டர். அம்மாவுக்கு இந்த வருடத் தவக்காலம் எப்படிப் போனது? அவருக்கும் குருத்தோலை இல்லை, நற்கருணை இல்லை. உங்கள் பாட்டை வருடா வருடம் பின்னால் நின்று வாங்கிப் பாடியவர்களில் அவரும் ஒருவர்தானே. பேச்சு குழறினாலும் பாட்டு சில பேருக்கு வாயில் நிற்கும், பக்கவாதம் வந்தவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சாயங்காலம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து முதல் அடியை எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டாலும் நீங்கள் பாடியதாக இருக்கட்டும்.

அப்புறம், குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலையில் மீந்த கட்டு ஒன்று எந்தக் கோயில் சாக்ரீஸ்தியிலும் (பூசைச் சாமான் வைக்கும் அறை) மூலையில் கிடக்கும். உபதேசியாரிடம் கேட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காய்ந்திருந்தால் கொஞ்ச நேரம் ஈரத் துணியில் சுற்றி வைத்தால் மடக்க வரும். சின்னதாக ஒரு சிலுவை முடைந்து அம்மாவின் இடது கையில் கொடுங்கள். அடுத்த திருநீற்றுப் புதனுக்கு முன்னால் ஓலைகளைச் சேகரிப்பார்கள் இல்லையா, எரித்துச் சாம்பலாக்க, அப்போது திருப்பிக் கொடுத்துவிடலாம்.