செஸ்ஸில் கணினி மோசடியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஹான்ஸ் நீமன் விவகாரத்தில் எது உறுதியானது?

செஸ் மோசடி என்றால் இன்று பெரும்பாலும் ஆட்டத்தின் நடுவே கணினி நிரலின் உதவியைப் பெறுவதுதான். ஸ்டாக்ஃபிஷ் போன்ற நிரல் சாதாரணக் கைப்பேசியிலேயே உலக சாம்பியனைவிட பலமாக ஆடும்.

2022 செப்டம்பர் 4 அன்று செயின்ட் லூயிஸில் நடந்த சின்க்ஃபீல்ட் கோப்பை மூன்றாம் சுற்றில், 19 வயது அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நீமன் கறுப்புக் காய்களுடன் அப்போதைய உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனை வென்றார். மறுநாளே கார்ல்சன் போட்டியிலிருந்து விலக, சந்தேகம் கிளம்பியது. 12, 16 வயதுகளில் ஆன்லைனில் ஏமாற்றியதை நீமனே ஒப்புக்கொண்டார்.

வீரரின் நகர்த்தல்களை நிரலின் சிறந்த நகர்த்தல்களோடு ஒப்பிடுவதுதான் அடிப்படைச் சோதனை. மனப்பாடமான தொடக்க நகர்த்தல்களையும், வேறு வழியே இல்லாத நகர்த்தல்களையும் முதலில் கழித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் யூடியூபில் காட்டப்படும் ‘நூறு சதவீதப் பொருத்தம்’ எதற்கும் உதவாது. பரீட்சையில் எளிய கணக்குக்கு எல்லோரும் ஒரே விடை எழுதினால் காப்பி ஆகுமா? கடினமான கணக்கில், அதுவும் திரும்பத் திரும்ப, வரிக்கு வரி ஒத்துப்போனால்தான் சந்தேகம். ஆன்லைனில் நகர்த்தலுக்கு எடுக்கும் நேரம், ஆட்டத்தை விட்டு வேறு திரைக்குப் போவது ஆகியவையும் பதிவாகும்.

ஆனால் கிராண்ட்மாஸ்டருக்கு ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு சைகை கிடைத்தாலே போதும். அதை எந்தக் கணக்கும் பிடிக்காது. அதனால்தான் அரங்கில் உலோகச் சோதனையும், நேரலையில் 15 நிமிடத் தாமதமும் வந்தன.

2022 அக்டோபரில் ஆன்லைன் செஸ் தளமான செஸ்.காம் வெளியிட்ட 72 பக்க அறிக்கை, கார்ல்சனுடனான ஆட்டத்தில் மோசடியை நிரூபித்தது என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. நூற்றுக்கும் மேற்பட்ட ஆன்லைன் ஆட்டங்களில் மோசடி நடந்திருக்கலாம் என்ற அந்த அறிக்கையே, கார்ல்சனுடனான ஆட்டத்துக்கு நேரடிச் சான்று இல்லை என்றும் சொல்கிறது.