அடியா, மீட்டரா? வாசகர் கேள்வி பதில்

அளவுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஐயா, என் மகன் அமெரிக்காவில் ஹியூஸ்டனில் வேலை செய்கிறான். அங்கே இன்னும் மைல், பவுண்டு, பாரன்ஹீட்தான். மலேசியாவில் நாம் மீட்டர், கிலோ என்ற மெட்ரிக் முறைக்கு மாறி எத்தனையோ வருடமாகிறது. அவ்வளவு பெரிய நாடு மாறத்தான் வேண்டுமா? ஆகிற செலவுக்கு, பழகிய அளவையே வைத்துக்கொண்டால் என்ன?
— செந்தூல் வாசகர், கோலாலம்பூர்

பதில்: மாறுவதே நல்லது. அதைவிட முக்கியம், மாறத் தொடங்கினால் பாதியில் நிற்காமல் முடிப்பது. பழைய அளவிலேயே இருக்கும் நாடும் சமாளித்துக்கொள்ளும், முழுக்க மாறிய நாடும் சமாளித்துக்கொள்ளும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு தடுமாறும் காலத்தில்தான் ஆபத்து.

இதற்கு 1983 ஜூலை 23-ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். கனடா அப்போது மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. ஏர் கனடாவின் புதிய போயிங் 767 விமானங்கள் எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிட்டன. மற்ற விமானங்களுக்கெல்லாம் பவுண்டு. அன்று அந்த விமானத்தின் எரிபொருள் மானி பழுதாகியிருந்ததால், தொட்டியில் அளவுகோல் விட்டுப் பார்த்தார்கள். இருந்தது 7,682 லிட்டர். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரை எடையாக்க 1.77-ஆல் பெருக்கினார்கள். அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற எண். கிலோவுக்கு 0.803 என்று போட்டிருக்க வேண்டும். 7,682-ஐ 1.77-ஆல் பெருக்க 13,597 வந்தது. அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டு, மீதிக்கு 4,917 லிட்டர் நிரப்பினார்கள். சரியான கணக்குப்படி சுமார் 20,000 லிட்டர் நிரப்பியிருக்க வேண்டும். விமானம் புறப்பட்டபோது இருந்தது ஏறக்குறைய 10,100 கிலோ, தேவையில் பாதிகூட இல்லை. 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கியது, சிறிது நேரத்தில் இரண்டு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட ஓடுபாதையில் காற்றில் மிதந்தபடியே வந்து இறங்கினார்கள். யாரும் இறக்கவில்லை என்பது விமானியின் திறமை.

இதில் பெருக்கல் தப்பில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுதாததுதான் தப்பு.

அமெரிக்காவைப் பற்றிப் பலர் அறியாத செய்தி, அந்த நாட்டின் அளவுகளே மெட்ரிக் மேல்தான் நிற்கின்றன. 1866-லேயே அங்கே மெட்ரிக் சட்டப்படி செல்லும். 1893 முதல் கஜமும் பவுண்டும் மீட்டரையும் கிலோகிராமையும் வைத்தே வரையறுக்கப்படுகின்றன. 1959-இல் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் ஒப்புக்கொண்டபடி ஓர் அங்குலம் மிகச் சரியாக 25.4 மில்லிமீட்டர். 1975-இல் மாற்றத்துக்கு ஒரு சட்டமும் வந்தது. ஆனால் விருப்பமிருந்தால் மாறலாம் என்று விட்டுவிட்டார்கள், கெடு வைக்கவில்லை. அதற்கென அமைத்த வாரியமும் 1982-இல் கலைந்தது. இன்று அங்கே மருந்து மில்லிகிராமில், மது 750 மில்லிலிட்டரில், பால் கேலனில். அந்தக் கேலனும் நம் தாத்தா காலத்து இங்கிலாந்துக் கேலன் இல்லை: அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், இங்கிலாந்துக் கேலன் 4.546 லிட்டர். மகனிடம் ஒரு கேலனுக்கு எத்தனை மைல் ஓடுகிறது என்று கேட்டு நம் ஊர்க் காருடன் ஒப்பிடும்போது இதைக் கவனியுங்கள்.

எப்படி மாறுவது என்பதற்கு ஆஸ்திரேலியா நல்ல பாடம். 1970-இல் சட்டம், 1974 ஜூலையில் நாடு முழுவதும் சாலைப் பலகைகளை ஏறக்குறைய ஒரே மாதத்தில் மாற்றி முடித்தார்கள். கட்டடத் துறை மில்லிமீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு சென்டிமீட்டரை ஒதுக்கியது. வரைபடத்தில் 2400 என்று இருந்தால் அது 2400 மில்லிமீட்டர்தான். தசமப்புள்ளி இல்லை, சந்தேகமும் இல்லை. இங்கிலாந்து 1965-இல் தொடங்கியும் சாலையில் இன்னும் மைல்தான். பெட்ரோலை லிட்டரில் வாங்கிவிட்டு, கேலனுக்கு எத்தனை மைல் என்று கணக்குப் பார்க்கிறார்கள். செலவு என்று பயப்படுகிறவர்கள் இந்த இரட்டைக் கணக்கின் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு ரசீது வருவதில்லை, அவ்வளவுதான்.

நாமும் பெரிதாகப் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தோடு நம் நாடு மெட்ரிக்குக்கு மாறியது. ஆனால் வீடு விற்பது சதுர அடியில், தோட்டம் ஏக்கரில், குளிர்சாதனம் எச்.பி. என்ற குதிரைத்திறனில். அடுத்து வரும் கேள்விகளே அதற்குச் சாட்சி.

கேள்வி: எங்கள் தாத்தாவின் பழைய கிராண்டில் (நிலப்பத்திரத்தில்) 0 ஏக்கர், 1 ரூட், 12 போல் என்று இருக்கிறது. புதிய பட்டாவில் 1,315 சதுர மீட்டர். தரகர் 3.28-ஆல் பெருக்கி, "4,313 சதுர அடிதான்" என்கிறார். நிலம் எங்கே போனது?
— ஜெலுத்தோங் வாசகி, பினாங்கு

பதில்: எங்கும் போகவில்லை அம்மா. 3.28 என்பது நீளத்துக்கு. பரப்புக்கு 3.28-ஐ 3.28-ஆல் பெருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. 1,315 சதுர மீட்டர் என்பது சுமார் 14,155 சதுர அடி.

பழைய கணக்கோடு ஒப்பிடுவோம். 1 ஏக்கர் 4 ரூட், 1 ரூட் 40 போல். உங்களுடையது 52 போல். ஒரு போல் 272.25 சதுர அடி, அதாவது 25.29 சதுர மீட்டர். 52 போல் 14,157 சதுர அடி, 1,315.2 சதுர மீட்டர். அப்படியே பொருந்துகிறது.

சில பட்டாக்களில் உண்மையாகவே வேறுபாடு வரும். எச்.எஸ்.(டி) அல்லது எச்.எஸ்.(எம்) என்று தொடங்கும் பட்டா தற்காலிகமானது. அதிலுள்ள பரப்பு முழு நில அளவைக்கு முந்தியது. அளவை முடிந்து இறுதிப் பட்டா வரும்போது கூடலாம், குறையலாம். விலை பேசும் முன் எந்த வகைப் பட்டா என்று பாருங்கள். செபராங் பிறையில் வயல் வாங்குகிறவர்கள் ரெலோங் என்ற அளவையும் கேட்பார்கள். அது சுமார் 0.71 ஏக்கர், 2,878 சதுர மீட்டர். ரெலோங் விலையை ஏக்கர் விலை என்று நினைத்து ஒப்பிட்டால் நிலம் மலிவாகத் தோன்றும்.

கேள்வி: 600 சதுர அடிக் கூடத்துக்கு இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் 150 போதும் என்று குத்தகையாளர் வாங்கினார். வீணானதுகூட அதிகமில்லை, ஆனாலும் குறைந்துவிட்டது. ஏமாற்றா?
— ஆயர் ஈத்தாம் வாசகர், பினாங்கு

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது, பழக்கதோஷம். கடையில் "இரண்டடி" என்று விற்கும் டைல்ஸின் உண்மையான அளவு 600 மில்லிமீட்டர். இரண்டடி என்பது 609.6. ஒரு பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை என்று தோன்றும். பரப்பில் பார்த்தால் ஒன்றுக்கு 4 சதுர அடிக்குப் பதில் 3.875 சதுர அடிதான். 600-ஐ அதனால் வகுத்தால் 155 டைல்ஸ். வெட்டும் வீண் கணக்கில் நேர்வரிசைக்கு 5 விழுக்காடு சேர்த்தால் 163. மூலைவாட்டில் பதித்தால் 10 விழுக்காடு சேர்க்க வேண்டும்.

பெட்டிக்கு 4 டைல்ஸ் என்றால் 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. சிலர் அதை 16 என்று போட்டு ரசீது எழுதுவார்கள். உங்களுக்கு வேண்டிய 41 பெட்டியில் அந்த வித்தியாசம் மட்டும் சுமார் 20 சதுர அடி. சதுர அடி 6 வெள்ளி (ரிங்கிட்) என்றால் 120 வெள்ளிக்கு மேல். பெட்டியில் அச்சடித்த சதுர மீட்டரை 10.764-ஆல் பெருக்கி ரசீதோடு ஒப்பிடுங்கள்.

இப்போது மிச்சத்துக்கு வாங்கப் போகும்போது, பெட்டியிலுள்ள தொகுதி எண்ணும் நிற எண்ணும் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு தொகுதியில் நிறமும் மாறும், அளவும் ஒரு மில்லிமீட்டர் வரை மாறும். கோடு நேராக வராது. பொருந்தாவிட்டால் அலமாரி நிற்கும் இடத்துக்கு அதைத் தள்ளுவதே வழி.

கூரைத்தட்டி, தடுப்புச்சுவர் வேலையிலும் இதே தொல்லை. எட்டடிக்கு நாலடிப் பலகை 2440-க்கு 1220 மில்லிமீட்டர். சில ஜிப்சம் பலகைகள் 2400-க்கு 1200. சட்டத்தை 610 இடைவெளியில் அடித்துவிட்டு 1200 பலகை கொண்டுவந்தால், விளிம்பு சட்டத்தின் நடுவுக்கு 20 மில்லிமீட்டர் முன்னாலேயே முடிந்துவிடும், திருகு பிடிக்க இடமிருக்காது. பலகையை முதலில் அளந்துவிட்டுச் சட்டத்தை அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அரை அங்குலக் குழாய் என்று வாங்கினேன். எங்கே அளந்தாலும் அரை அங்குலம் வரவில்லையே? இணையத்தில் வாங்கிய வெளிநாட்டுத் தண்ணீர்க்குழாய் வேறு கசிகிறது.
— பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

பதில்: வராது. அரை அங்குலம் என்பது ஒரு காலத்தில் இரும்புக் குழாயின் உள் விட்டம். பின்னாளில் குழாயின் சுவர் மெலிந்தது, திருகுப் பொருத்தம் மாறக்கூடாது என்று வெளி விட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் புழங்கும் பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் தர அரை அங்குலத் திருகின் வெளி விட்டம் 20.955 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 14 புரி. மெட்ரிக்கின் தாயகமான ஐரோப்பாவிலும் இதே திருகுதான். இதை மாற்றாமல் விட்டது சரியான முடிவு. உலகில் பெரும்பாலான நாடுகள் ஒன்றாகப் பயன்படுத்தும் ஒன்றுக்குப் பெயர் எதுவாக இருந்தால் என்ன?

உங்கள் கசிவுக்குக் காரணம், வாங்கியது அமெரிக்க என்.பி.டி. திருகாக இருக்கலாம். அதுவும் அரை அங்குலத்தில் 14 புரிதான். ஆனால் விட்டம் சுமார் 21.3, புரியின் கோணம் 60 பாகை. பி.எஸ்.பி.க்கு 55 பாகை. இரண்டு மூன்று சுற்று சுலபமாக ஏறி, பிறகு இறுகிவிடும், சரியாகப் பொருந்திவிட்டதாகவே தோன்றும். வெள்ளை நாடா சுற்றினால் சில நாள் தாங்கும். மேலும் முறுக்கினால் பித்தளை வெடிக்கும். இரண்டையும் இணைக்கும் மாற்று இணைப்பு கிடைக்கும், அதை வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: சந்தையில் மீன் காத்தி 12 வெள்ளி, பேரங்காடியில் கிலோ 19 வெள்ளி. எது மலிவு?
— பட்டர்வொர்த் வாசகி

பதில்: பேரங்காடி. ஒரு காத்தி 604.79 கிராம், காத்தி 12 வெள்ளி என்றால் கிலோ 19 வெள்ளி 84 காசு. மனக்கணக்காக, காத்தி விலையை 5-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட சரியாக வரும். வாயால் காத்தி என்று சொன்னாலும் சட்டப்படி வியாபாரம் கிலோவில்தான். தராசில் அந்த ஆண்டுக்கான சரிபார்ப்பு ஒட்டுவில்லை இருக்கிறதா என்றும் பாருங்கள். மீன் புதிதா என்பதை நீங்கள்தான் செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: சென்னையில் என் அக்காவுக்குச் சர்க்கரை 126. எனக்கு இங்கே 7. அக்காவுக்கு இவ்வளவு அதிகமா?
— கெப்போங் வாசகி, கோலாலம்பூர்

பதில்: இரண்டும் ஒன்றே அம்மா. அங்கே ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறார்கள், இங்கே ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிமோல். இரண்டுமே மெட்ரிக்தான் என்பது வேடிக்கை. சர்க்கரைக்கு 18-ஆல் வகுக்க வேண்டும். கொலஸ்ட்ராலுக்கு 38.67, அங்கே 200 என்றால் இங்கே 5.2. சிறுநீரகச் சோதனையில் வரும் கிரியேட்டினினுக்கு மட்டும் தலைகீழ், 88.4-ஆல் பெருக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ.1.சி. விழுக்காட்டில் வந்தால் இரு நாட்டிலும் ஒரே எண். உணவுக்கு முன்னா பின்னா என்பதையும் கேட்டுக்கொண்டு ஒப்பிடுங்கள். வெறும் வயிற்றில் எடுத்ததானால், இந்த எண் உங்கள் இருவருக்குமே மருத்துவரைப் பார்க்க வேண்டிய எல்லை.

கேள்வி: கார் டயருக்குக் காற்று, பழைய காற்றுமானியில் 32. பெட்ரோல் நிலையத்தில் 220. எதை வைப்பது?
— ராஜா ஊடா வாசகர், பட்டர்வொர்த்

பதில்: 32 பி.எஸ்.ஐ.யும் 220 கிலோபாஸ்கலும் ஒன்றே; பி.எஸ்.ஐ.யை 6.895-ஆல் பெருக்கினால் கிலோபாஸ்கல். உங்கள் காருக்கு எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். முன், பின் டயர்களுக்கு வேறாக இருக்கலாம். வண்டி ஓடிச் சூடான பிறகு அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும். அப்போது காற்றை இறக்கிவிடாதீர்கள்.