கடையில் எதை வைப்பது, எதை விடுவது?

சாய்ந்தமருதிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

"அக்கா, வீட்டு முன்பக்கத்தில் சின்னதாக ஒரு கடை நடத்துகிறேன். வாசலில் ஒரு சோடாக் கம்பனி தந்த கண்ணாடிக் கதவு பிரிட்ஜ் நிற்கிறது. காஸாச் சண்டை தொடங்கியதிலிருந்து வட்ஸ்அப்பில் 'இஸ்ரேலுக்கு ஆதரவான கம்பனிகள், வாங்காதீர்கள்' என்று பட்டியல் பட்டியலாக வருகிறது, கடைசியாக வந்ததில் எண்பதுக்கு மேல் பெயர். 'இதையெல்லாம் இன்னும் விக்கிறீங்களா ராத்தா?' என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். ஒருவர் என் கடைக்கு வருவதையே விட்டுவிட்டார். எனக்கும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் மனம் தாங்கவில்லை, எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடலாம் போலிருக்கிறது. கணவரோ, 'நீ விக்காமல் விட்டால் அங்கே ஒரு குண்டு குறையுமா? கடன் கொப்பியைப் பார்' என்கிறார். எட்டு வயது மகன் அந்தச் சோடாவைக் குடித்ததைப் பார்த்து வகுப்பில் கேலி செய்திருக்கிறார்கள், அழுதுகொண்டு வந்தான். நான் என்ன செய்ய?"

தங்கச்சி, உங்கள் கணவரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது வீம்புக்குக் கேட்ட கேள்வி இல்லை, வீட்டுக் கணக்குப் பார்க்கிற மனுசர் கேட்கத்தான் செய்வார்.

உங்கள் கடையில் நாலு போத்தல் குறைந்தால் ஒரு கம்பனிக்கும் தெரியாது. ஆனால் நாலு போத்தல் ஊர் ஊராகக் குறைந்தால் தெரியும். 2023 ஒக்டோபரில் இஸ்ரேலில் மெக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்தியவர்கள் அந்நாட்டு இராணுவத்தினருக்கு இலவசச் சாப்பாடு கொடுப்பதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் மக்கள் அந்தக் கடைகளுக்குப் போவதை விட்டார்கள். 2024 ஜனவரியில் தங்கள் வியாபாரம் பாதிக்கப்பட்டிருப்பதாக அந்தக் கம்பனியின் தலைவரே வெளிப்படையாக எழுதினார், ஏப்ரலில் இஸ்ரேலில் இருந்த 225 கடைகளையும் தலைமைக் கம்பனியே திரும்ப வாங்கிக்கொள்வதாக முடிவானது. அதனால் குண்டு நின்றதா என்றால் இல்லை, அதை மறைத்துப் பேசுவது சரியில்லை. ஆனால் உலகத்திலேயே பெரிய கம்பனிகளில் ஒன்று, வாடிக்கையாளர் எதைப் பொறுக்க மாட்டார்கள் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டி வந்தது.

இதே கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மலேசியாவிலும் அரபு நாடுகளிலும் அதே பெயரில் கடை நடத்தியவர்கள் வேறு ஆட்கள், அவர்களில் பலர் காஸாவுக்கு உதவிப் பணம் கொடுத்தவர்கள். அடி அவர்களுக்கும் விழுந்தது. பெயர்ப்பலகை ஒன்று, முதலாளி வேறு. பட்டியலைப் பார்க்கும்போது முதலில் இதை மனதில் வையுங்கள்.

சரி, அந்த எண்பது பெயருக்கு வருவோம். கடையில் இருக்கும் ஒரு பிஸ்கட் பக்கற்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், கறுப்புக் கோடுகளுக்குக் கீழே இலக்கங்கள் இருக்கும். 729 என்று தொடங்கினால் இஸ்ரேல் பொருள், வாங்காதே என்று உங்களுக்கும் ஒரு செய்தி வந்திருக்கும், எனக்கு எத்தனையோ தடவை வந்தது. 729 என்பது அந்தக் குறியீட்டை இஸ்ரேலில் பதிந்து எடுத்தார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும், இலங்கையில் பதிந்தால் 479. பொருள் எங்கே செய்யப்பட்டது, இலாபம் யாருக்குப் போகிறது என்பதற்கு அந்த இலக்கத்தில் பதில் இல்லை. வெளிநாட்டுக் கம்பனியின் சவர்க்காரம் இங்கேயே தொழிற்சாலையில் செய்யப்பட்டு 479உடன் வரும். அதனால் இலக்கத்தை விடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இவர்கள் செய்தது என்ன? "அவன் அவங்கட ஆள்" என்பது பதில் இல்லை. இன்ன ஆண்டு, இன்ன இடத்தில், இன்ன காரியம் என்று சொல்லக்கூடிய பதில் வேண்டும். அப்படிச் சொல்ல முடியாத பெயரை வெட்டுங்கள். எண்பதில் ஐந்தோ ஆறோதான் மிஞ்சும். பலஸ்தீனர்களே தொடங்கி 2005 முதல் நடத்திவரும் புறக்கணிப்பு இயக்கமும் இதைத்தான் சொல்கிறது, நீளப் பட்டியல் வேண்டாம், ஆதாரத்தோடு சில கம்பனிகளை மட்டும் குறிவையுங்கள் என்று. எண்பதை விடுகிறேன் என்று சபதம் எடுப்பவர் இரண்டாம் மாதம் களைத்துப்போவார், ஐந்தை விடுபவர் ஐந்து வருசம் நிற்பார். தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சிக் காலத்தில் பார்க்ளேஸ் வங்கிக்கு எதிராகப் பிரித்தானிய மாணவர்கள் நடத்திய புறக்கணிப்பு அப்படித்தான், ஆண்டுக்கணக்காக விடாமல் நின்றார்கள், 1986இல் அந்த வங்கி தென்னாபிரிக்காவை விட்டு வெளியேறியது.

இரண்டு விசயங்களை மட்டும் பட்டியலோடு சேர்க்கவே வேண்டாம். ஒன்று மருந்து. மற்றது கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பால்மா, அதை மாற்றுவதென்றால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும், வட்ஸ்அப்பைக் கேட்டு இல்லை.

இனி பிரிட்ஜ். அது தரும்போது உங்களிடம் கையெழுத்து வாங்கிய தாள் ஒன்று இருக்கும், அலுமாரியைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் தங்கள் பானத்தைத் தவிர வேறு எதையும் உள்ளே வைக்கக் கூடாது என்றும், கேட்கும்போது திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதியிருப்பார்கள். முன்பணம் கட்டியிருந்தால் அது எப்படித் திரும்பும் என்பதையும் பாருங்கள். பிரிட்ஜ் இலவசம் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் இரவு பகலாக அது இழுக்கிற கரண்டுக்குக் காசு கட்டுவது நீங்கள். ஒரு மாதம் கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை போத்தல் போனது, ஒரு போத்தலில் உங்களுக்கு எவ்வளவு மிஞ்சியது, கரண்ட் பில்லில் அது தின்றது எவ்வளவு. கணவரையும் பக்கத்தில் இருத்திக் கணக்கைப் போடுங்கள். அவர் பயப்படுகிற நட்டம் உண்மையில் எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரியவரும், அதற்குப் பிறகு பேசுவது லேசு.

ஏற்கெனவே வாங்கி அடுக்கியதைக் கொட்ட வேண்டாம். அதற்குரிய காசு கம்பனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, கொட்டினால் நட்டம் உங்கள் வீட்டுக்குத்தான். விற்று முடியுங்கள், திரும்ப எடுக்காதீர்கள். ஓடர் எடுக்க வரும் ரெப் தம்பியிடம் முகத்தைத் திருப்பாமல் காரணத்தைச் சொல்லுங்கள், அவனும் பக்கத்து ஊர்ப் பிள்ளையாகத்தான் இருப்பான், மாத இலக்கு எட்டாவிட்டால் அவன் சம்பளத்தில்தான் குறையும். "தம்பி, உன்னோடு கோபம் இல்லை, இந்தக் காரணத்துக்காக நிறுத்துகிறேன், மேலே இப்படியே சொல்" என்று சொல்லி, ஒரு துண்டில் எழுதியும் கொடுங்கள். காரணம் சொல்லாமல் நிறுத்தினால், மழைக்காலம், வியாபாரம் மந்தம் என்றுதான் கம்பனி எழுதிக்கொள்ளும்.

அந்த இடத்தில் என்ன வைப்பது? குளிர்பானம் என்றால் எலிபன்ட் ஹவுஸ் இருக்கிறது, இலங்கைக் கம்பனிதான், நெக்டோவும் இஞ்சிச் சோடாவும் நம் பிள்ளைகளுக்குப் பழகிய ருசி. பிஸ்கட்டுக்கு மலிபனும் மஞ்சியும், பற்பசைக்கு க்ளோகார்ட். ஆனால் என் ஆசை வேறு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பால் இல்லாத வீடு எது? சட்டியில் தயிர் வருகிறது, அதைக் கடைந்து இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தட்டிப்போட்ட மோர் ஒரு வெயில் நாளில் உங்கள் கடை வாசலில் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். கசகசா போட்ட நன்னாரிச் சர்பத் உங்கள் வீட்டில் நோன்புக்குச் செய்வதுதானே? விற்பதற்கு முன் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் போய், தண்ணீர், போத்தல், குளிர் எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டு முறைப்படி செய்யுங்கள்.

மாற்று என்றதும் எனக்கு வ.உ.சி. ஞாபகம் வருவார். 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பனி தூத்துக்குடிக்கும் நம் கொழும்புக்கும் இடையில்தான் ஓடியது. வெள்ளைக்காரக் கம்பனியின் கப்பலில் ஏறாதே என்று சொன்னதோடு அவர் நிற்கவில்லை, ஏறுவதற்கு ஒரு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினார். எதிர்க் கம்பனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் இலவசமாகவே ஏற்றுகிறேன் என்றது. 1908இல் அவரைச் சிறையில் போட்டார்கள், 1911இல் சுதேசிக் கம்பனி கலைக்கப்பட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் மோர்ப் போத்தலுக்கும் அதே நிலை வரலாம். பெரிய கம்பனி ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று அறிவிக்கும். அன்றைக்கும் உங்களிடம் வந்து மோர் வாங்குகிற ஆட்கள் வேண்டும். கடைக்கு வராமல் கோபித்துக்கொண்டு போனவரை வீடு தேடிப் போய்ப் பாருங்கள்: "நீங்கள் சொன்னதைச் செய்திருக்கிறேன், இனி வாங்க வேண்டியது நீங்கள்" என்று நேரே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இன்னொன்று இருக்கிறது, உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஆனாலும் இதை எழுதாமல் என்னால் முடிக்க முடியாது. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் செத்தார்கள். அதன் பிறகு முஸ்லிம்களைக் குறித்து "அவங்கட கடையில் வாங்காதே" என்று செய்தி பரவியது. மகளின் சாமத்திய வீடு நடந்த காலத்திலிருந்து நான் சேலை எடுப்பது காத்தான்குடியில் ஒரே கடையில்தான். இரண்டு மாதம் நான் அங்கே போகவில்லை. ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை, நானாகத்தான் போகவில்லை. பிறகு ஒருநாள் போனேன். கடையில் ஒரு சனம் இல்லை. கடைக்காரக் காக்கா, மடித்து வைத்திருந்த ஒரு சேலையைத் திரும்பவும் விரித்துத் திரும்பவும் மடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, "வாங்க, மகள் சுகமா?" என்றார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. அந்த மனுசர் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை, அவருடைய பெயர்தான் அவர் செய்த குற்றம். மறுபக்கமும் இது நடந்தது, தமிழூரான ஆரையம்பதியிலிருந்து மரக்கறிக் கூடையோடு போய்வந்த ஒரு அம்மா, வழக்கமாகப் போகிற தெருவில் ஒருவரும் கூப்பிடாததால் கூடையோடு திரும்பி வந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ஒரு கம்பனி செய்த காரியத்துக்காக அதன் பொருளை விடுவது வேறு, ஒரு ஆளின் பிறப்பைப் பார்த்து அவர் கடையை விடுவது வேறு. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறிக் கிடக்கிற கரை இது, இங்கே இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட எவ்வளவு நேரமும் ஆகாது. அதனால் பட்டியலில் கம்பனிப் பெயர் மட்டும் இருக்கட்டும். அந்தச் சோடாவை இன்னும் விற்கிற பக்கத்துக் கடைக்காரரின் பெயரை யாராவது அதில் சேர்த்தால், அந்தச் செய்தியை நீங்கள் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள். மோருக்குத் தயிரைப் படுவான்கரைத் தமிழ்க் குடும்பத்திடம் எடுங்கள், பெருநாளுக்குச் சாரனை மருதமுனைக் கைத்தறியில் எடுங்கள், உங்கள் மாற்றுப் பட்டியலில் இந்த இரண்டும் முதலில் இருக்கட்டும் என்பது என் விருப்பம்.

மகனைப் பற்றி. வகுப்பில் கேலி செய்த பிள்ளைகள் வீட்டில் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவன் குடித்ததற்காக அவனை வெட்கப்படுத்த வேண்டாம், பிரிட்ஜில் அதை அடுக்கி வைத்தது நாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு எல்லாப் படத்தையும் காட்ட வேண்டியதில்லை, "அங்கே பிள்ளைகளுக்குக் கஷ்டம், அதனால் நம் கடையில் இதை வைக்கவில்லை" என்றால் விளங்கிக்கொள்வான். மோரோ சர்பத்தோ முதன்முதலில் போடும் நாளில், உப்பு சரியா, இனிப்புச் சரியா என்று அவனைத்தான் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், போத்தலில் ஒட்டுகிற பெயரையும் அவன் கையால் எழுதட்டும்.